வாயில் கடந்த இருவர்

கதவு ஒன்று சாத்தப்பட்டது. 1879-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், டென்மார்க்கின் தலைநகராம் கோபன்ஹேகனில், நாடக மேடையின் பின்னிருந்து எழுந்த அந்த ஓசை ஐரோப்பா முழுவதும் கேட்டது. நார்வே நாட்டு நாடகப் பேராசான் இப்சன் படைத்த நோரா, தன்னைப் பொம்மையாக வைத்திருந்த கணவனை விட்டு, பெற்ற மக்களையும் விட்டு வெளியேறினாள். கைதட்டியவர் சிலர். கண் சிவந்தவர் பலர்.

ஜெர்மன் மேடையில் நோராவாக நடிக்க வந்த நடிகையே, "தாயொருத்தி மக்களை விட்டுப் போவதா? ஒப்பேன்!" என்னும் போக்கில் மறுத்துவிட்டார். பிறர் கை வைத்துக் கெடுப்பதைவிடத் தாமே மாற்றித் தருவது மேல் என எண்ணி, இப்சன் வேறொரு முடிவை எழுதித் தந்தார். அதிலே நோரா குழந்தைகளின் அறைவாயிலில் சாய்ந்து விழுகிறாள், வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். ஊரார் மனம் குளிர்ந்தது. ஆனால், நோராவை உலகம் நினைவில் வைத்திருப்பது அவள் தங்கியதற்காக அன்று, போனதற்காகவே!

போனாள், சரி. எங்கே போனாள்? இந்தக் கேள்வியைச் சீன நாட்டுச் சிந்தனையாளர் லூ சுன், 1923-ஆம் ஆண்டு டிசம்பரில், பீகிங் நகரில் மகளிர் ஆசிரியர் கல்லூரி மாணவியரின் முன்னிலையில் எழுப்பினார். விழித்துக்கொண்ட நோராவுக்கு இரண்டே வழிகள்தாம் தெரிகின்றன. ஒன்று சீரழிவது, மற்றொன்று வீடு திரும்புவது. கையிலே காசு இல்லாதவளுக்குக் கனவு மட்டும் போதாது என்பது அவர் உரையின் சாரம். கசப்பான மருந்துதான், ஆயினும் மருந்து.

கதவுக்கு இப்பால் நடந்ததை எழுத ஆயிரம் பேர் இருந்தனர். கதவுக்கு அப்பால் நடப்பதை, அழாமல், அறிவுரை கூறாமல், அச்சுறுத்தாமல் எழுத ஆள் இல்லை. அந்தப் பணியைச் செய்த ஓர் ஏட்டைப் பற்றியே இவ்வாரம் பேசுகின்றோம். 1943-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரிலே நாப் பதிப்பகத்தார் வெளியிட்ட 'டூ சீரியஸ் லேடீஸ்' என்னும் புதினம் அது. 'கருத்தூன்றிய இரு பெண்மணிகள்' எனத் தமிழிலே கூறலாம். எழுதியவர் ஜேன் பவுல்ஸ் அம்மையார். அப்போது அவருக்கு வயது 26. அதுவே முற்றுப்பெற்று அச்சேறிய அவருடைய ஒரே புதினம்.

ஒரே புதினம்! அதற்கா இத்தனை பேச்சு என்பர் சிலர். ஆம், அதற்குத்தான்.

ஜேன் 1917-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-இல் நியூயார்க்கில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. முறிந்த காலின் முழங்காலில் காசநோய் புகுந்தது. சுவிட்சர்லாந்து நாட்டின் லேசான் மலையூரில் மருத்துவத்துக்காகக் கிடந்த நாள்களிலே பிரெஞ்சு இலக்கியம் அவருக்குத் துணையாயிற்று. முழங்கால் மடங்காமலே போயிற்று; வாழ்நாள் முழுவதும் சாய்ந்தே நடந்தார். பிரெஞ்சு மொழியிலே ஒரு புதினம் எழுதினார். அந்தக் கையெழுத்துப்படி காணாமற்போயிற்று. 1938-இல், தம் 21-ஆம் பிறந்த நாளுக்கு முதல் நாள், பால் பவுல்ஸ் என்னும் இசையமைப்பாளரை மணந்தார்.

இசையமைப்பாளர் என்றே குறிப்பிடுகின்றோம். எழுத்தாளர் என்று குறிப்பிடவில்லை. காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

மணமக்கள் கப்பலேறி முதலிற் சென்ற இடம் பனாமா. 1914-இல் திறக்கப்பட்ட கால்வாய் இரு பெருங்கடல்களை இணைக்கும் இடம் அது. கால்வாயின் அட்லாண்டிக் முனையிலே கோலோன் என்னும் துறைமுக நகர். மாலுமிகளும் படைவீரர்களும் மதுக்கடைகளும் நெருங்கிய ஊர். தேனிலவுக்கு வந்த பெண்ணின் கண்ணிலே அந்த ஊர் பதிந்தது. பின்னர்ப் பாரிசிலும் மெக்சிகோவிலும் அமர்ந்து எழுதிய புதினத்தின் ஒரு பாதி அந்தக் கோலோனில் நிகழ்கிறது.

கதையைச் சுருங்கக் கூறுவோம்.

முதற் பெண்மணி கிறிஸ்டினா கோரிங். செல்வர் வீட்டுப் பெண். குழந்தைப் பருவத்திலேயே 'பாவம் கழுவும்' விளையாட்டு விளையாடியவள்! தன் தங்கையின் தோழியாகிய சிறுமிக்குச் சேறு பூசி, சாக்கு மாட்டி, ஓடையிலே இறக்கிப் பாவத்தைக் கழுவுகிறாள். விளையாடும் இருவரில் ஒருத்திக்கு நடுக்கம், மற்றவளுக்குப் பேரானந்தம். மதப் பித்து என்பது பிறரை நனைத்துத் தான் மகிழ்வதே என்பதை இரண்டு பக்கங்களில் காட்டிவிடுகிறார் ஆசிரியர். ஒரு சொல்லாலும் ஏசவில்லை. ஏச வேண்டிய தேவையும் இல்லை.

வளர்ந்த பின்பும் கோரிங் மீட்சியைத் தேடுவதை விடவில்லை. ஆனால், இப்போது பிறரை ஓடையில் இறக்கவில்லை, தானே இறங்குகிறாள். அழகிய மாளிகையை விற்கிறாள். தீவு ஒன்றிலே வசதி குறைந்த சிறு வீட்டில் குடியேறுகிறாள். எது தனக்கு அச்சமூட்டுகிறதோ அதைச் செய்வதே தனக்கேற்ற வழி என்று முடிவு கட்டுகிறாள். இரவிலே படகேறிக் கரையிலுள்ள ஊருக்குச் சென்று, மதுக்கடையிலே முன்பின் அறியாத ஆடவருடன் பேசுகிறாள். ஒருவனுடன் சில நாள் தங்குகிறாள். பின்னர் முரடன் ஒருவனுடன் செல்கிறாள். அவன் இவளை விலைமகள் என்றே எண்ணுகிறான். அவள் மறுப்பதும் இல்லை, மனம் உடைவதும் இல்லை.

இரண்டாம் பெண்மணி ஃபிரீடா காப்பர்ஃபீல்டு. அச்சமே உருவானவள். கணவன் காடு காணத் துடிப்பவன். அவளோ காட்டுக்கு நடுங்குபவள். கணவனுடன் பனாமா வந்தவள், கோலோன் நகரின் எளிய விடுதி ஒன்றில் பசிஃபிகா என்னும் பெண்ணைக் காண்கிறாள். பசிஃபிகா உடலை விற்று வயிறு வளர்க்க வேண்டிய நிலையில் உள்ளவள். அவளிடம் காப்பர்ஃபீல்டு அம்மையாருக்கு அன்பு பிறக்கிறது. ஆழமான, அடக்க முடியாத அன்பு. கணவனுடன் பயணம் தொடர மறுக்கிறாள். விடுதியிலேயே தங்கிவிடுகிறாள். கடல்நீரிலே பசிஃபிகா அவளைத் தாங்கிப் பிடித்து நீந்தக் கற்பிக்கும் இடம், அப் புதினத்தின் உயிர்நாடி. நீரைக் கண்டு நடுங்குபவள், மற்றொரு பெண்ணின் கைகளை நம்பி நீரிலே மிதக்கிறாள்!

இறுதியில் இரு பெண்மணிகளும் நியூயார்க் உணவு விடுதி ஒன்றில் சந்திக்கின்றனர். காப்பர்ஃபீல்டு பசிஃபிகாவை அழைத்து வந்திருக்கிறாள், மிகுதியாகக் குடிக்கிறாள், நிலைகுலைந்து போனதாகத் தானே ஒப்புக்கொள்கிறாள், ஆனால் அதையே தான் நெடுநாள் வேண்டியதாகவும் உரைக்கிறாள். கோரிங்கோ, தான் புனிதத்தை நெருங்குகிறோமா, பாவத்தைக் குவிக்கிறோமா எனத் தன்னையே கேட்டுக்கொள்கிறாள். விடை இல்லை. புதினம் முடிகிறது.

இவ்வளவுதானா? நீதி எங்கே? தண்டனை எங்கே? என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் அந்த ஏட்டின் புதுமை இருக்கிறது.

அதற்கு முன்வந்த பெரும் புதினங்களைப் பாருங்கள். கணவனை விட்ட பெண்ணைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தினார்கள்? பிரெஞ்சு நாட்டு எம்மாவுக்கு நஞ்சு. ருஷ்ய நாட்டு அன்னாவுக்கு இருப்புப்பாதை. அமெரிக்க நாட்டு எட்னாவுக்குக் கடல். 1856 முதல் 1899 வரை மூன்று நாடுகளில் மூன்று மேதைகள் எழுதிய மூன்று காவியங்களிலும், கோடு தாண்டிய பெண் பிணமானாள். அவற்றை எழுதியவர்கள் கொடியவர்கள் அல்லர். அந்தப் பெண்களுக்காகக் கண்ணீர் வடித்தவர்களே. ஆயினும், கண்ணீருக்கு விலையாக உயிரைக் கேட்டது கதை. செத்தால் இரக்கம் உண்டு, வாழ்ந்தால் இல்லை என்பதே அன்றைய ஏட்டுலகத்தின் எழுதாச் சட்டம்.

ஜேன் பவுல்ஸ் அந்தச் சட்டத்தை மீறினார். அவருடைய இரு பெண்களும் இறுதிப் பக்கத்திலும் உயிருடன் இருக்கின்றனர். வென்றார்கள் என்று அவர் கூறவில்லை. தோற்றார்கள் என்றும் கூறவில்லை. பத்தினி என்று போற்றவில்லை; பரத்தை என்று தூற்றவும் இல்லை. ஆண்மகன் ஒருவன் வீட்டை விட்டு உலகம் சுற்றப் புறப்பட்டால், அவன் எதற்காகப் புறப்பட்டான் என்று எவரும் விளக்கம் கேட்பதில்லை. தேடுகிறான் என்பர், ஞானம் என்பர், வீரம் என்பர். தேடுவதற்கும், தேடித் தவறுவதற்கும் ஆணுக்கு இருந்த அதே உரிமையை இரண்டு பெண்களுக்கு வழங்கியதே அந்தச் சிறு நூலின் பெருஞ்செயல்.

எழுதிய முறையும் புதியது. பாத்திரங்கள் ஏன் ஒன்றைச் செய்கின்றனர் என்று ஆசிரியர் குறுக்கிட்டு விளக்குவதில்லை. தெளிந்த, சிறு சிறு வாக்கியங்கள். எவரும் எதிர்பாராத உரையாடல். ஒருவர் கேட்டதற்கு மற்றவர் வேறொன்றைச் சொல்லுவார். அந்த வேறொன்றிலே அவர் உள்ளம் முழுவதும் வெளிப்பட்டுவிடும். சிரிப்பு வரும், சிரித்து முடிப்பதற்குள் நெஞ்சு கனக்கும்.

ஆயினும், அந்த ஏட்டிலே லூ சுன் எழுப்பிய காசுக் கேள்வி மறைந்துவிடவில்லை. கோரிங் வறுமையைத் தேடிப் போகிறாள். பிறந்த செல்வம் இருந்தது, ஆகவே போக முடிந்தது. காப்பர்ஃபீல்டு விடுதியிலே தங்குகிறாள். தங்கப் பணம் இருந்தது. பசிஃபிகாவுக்கு? விடுதிதான் அவள் பிழைப்பு. அவளுக்கு வாயில் கடப்பது விடுதலை அன்று. வாயிலுக்கு வெளியேதான் அவள் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருக்கிறாள். காப்பர்ஃபீல்டின் அன்பு உண்மையானது. ஆனால் அந்த அன்பிலே பணமும் கலந்தே இருக்கிறது. மணம் செய்துகொள்ள இளைஞன் ஒருவன் கிடைத்தால் போய்விடலாமா என்று பசிஃபிகா எண்ணுவதிலே வியப்பென்ன?

அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதும் வாக்குரிமை பெற்றது 1920-இல். சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. 23 ஆண்டுகளுக்குப் பின் வந்த இந்நூல், திறந்த வாயிலின் வழியே யார் நடக்க முடிகிறது, யார் நடக்க முடியவில்லை என்பதைக் கூட்டமோ கொடியோ இன்றிக் காட்டிவிட்டது. பெண்ணுரிமை பேசும் எவரும் பசிஃபிகாவை மறந்து பேசுதல் ஆகாது என்பதே நாம் அதிலிருந்து பெறும் பாடம். பாடம் புகட்ட அவர் எழுதவில்லை; பாடம் பெறுவது நம் கடன்.

1943-இல் இந்த ஏட்டுக்குக் கிடைத்த வரவேற்பு என்ன? போர் நடந்துகொண்டிருந்த காலம். நூல் சில மதிப்புரைகளைப் பெற்றது. பொருள் விளங்கவில்லை என்று உதறித் தள்ளியோர் உண்டு. விற்பனை மிகக் குறைவு. விரைவில் கடைகளிலிருந்து மறைந்தது.

ஆனால், மறைவதற்கு முன்பே அது ஒரு வீட்டுக்குள் விளைவை உண்டாக்கிவிட்டது. ஆசிரியரின் சொந்த வீடுதான் அது! அம்மையார் முதலில் எழுதியது மூன்று பெண்களின் கதை. கையெழுத்துப்படியைப் படித்த கணவர், சில பகுதிகளை நீக்குமாறு யோசனை கூறினார். மூன்று இரண்டாயிற்று. நீக்கியவை பின்னர்ச் சிறுகதைகளாக வெளிவந்தன. யோசனை நல்லதா, தீயதா என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. ஆனால், மனைவியின் கையெழுத்துப்படியோடு உழைத்த அந்நாள்களே தமக்கும் கதை எழுதும் ஆவலை மூட்டின என்று பால் பவுல்ஸ் பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறினார். இசையமைப்பாளர் எழுத்தாளரானார். 1949-இல் அவர் வெளியிட்ட 'தி ஷெல்டரிங் ஸ்கை' என்னும் புதினம் பெரும் புகழ் பெற்றது. 1990-இல் திரைப்படமாகவும் வந்தது. விளக்கேற்றிய கை இருட்டிலே நின்றது. ஏற்றப்பட்ட விளக்கை உலகம் கண்டு வியந்தது. பல்லாண்டுக் காலம் ஜேன் பவுல்ஸ் யார் என்று கேட்டால், பால் பவுல்சின் மனைவி என்பதே விடையாக இருந்தது!

கணவர் தடுத்தார் என்று நாம் கூற வரவில்லை. அவர் மனைவியின் எழுத்தைப் போற்றியவர். இறுதிவரை அதை மறவாதவர். ஒருவர் உள்ளத்திலே கொடுமை இல்லாதபோதும் உலக வழக்கம் தன் வேலையைச் செய்துவிடுகிறது என்பதையே சுட்டுகின்றோம்.

1948 முதல் மொராக்கோ நாட்டின் டான்ஜியர் நகரம் அவர்கள் இல்லமாயிற்று. அம்மையார் பெண்களையே காதலித்தவர். கணவரும் அதை அறிந்தவர். இருவரும் தத்தம் வழியில் வாழ்ந்தும் நட்பும் பரிவும் முறியாமல் இருந்தனர். எழுதுவது அம்மையாருக்கு எளிதாக இல்லை. ஒரு சொல்லைத் தேடி நாள் கணக்கில் திணறுபவர். அவர் எழுதிய 'இன் தி சம்மர் ஹவுஸ்' என்னும் நாடகம் 1953 டிசம்பரில் நியூயார்க் பிராட்வே அரங்குக்கு வந்தது. ஜூடித் ஆண்டர்சன் போன்ற பெரும் நடிகை நடித்தும் இரண்டு திங்களுக்குள் திரை விழுந்தது. 1957-இல், 40-ஆம் வயதில், மூளையிலே இரத்தக் கசிவு. பார்வை குன்றிற்று, சொற்கள் நழுவின. எழுத்தே உயிராக இருந்தவருக்குச் சொல்லே எட்டாப் பொருளாயிற்று. இதனினும் கொடிய தண்டனை உண்டோ?

இதைக் கண்டு, "பார்த்தீர்களா! வழக்கம் மீறிய பெண்ணுக்கு வந்த கதியை!" என்று விரல் நீட்டுவோர் இருப்பர். அவர்களைக் கேட்கின்றோம்: நோய் ஒழுக்கம் பார்த்தா வருகிறது? வழக்கம் மீறாத எத்தனை பெண்கள் இதே நோயால் நலிந்துள்ளனர்? அவர்களுக்கு இது விதி, இவருக்கு மட்டும் தண்டனையா? எம்மாவைக் கொன்ற அதே பழைய சட்டம், எழுத்தாளரின் வாழ்க்கை மீதும் கை நீட்டப் பார்க்கிறது. விடுவதற்கில்லை.

சொல் நழுவிய அந்நாள்களிலேதான் நூல் உயிர்த்தெழுந்தது. 22 ஆண்டுகளாக நண்பர் கையிலிருந்து நண்பர் கைக்குச் சென்ற பழைய படிகள் தம் வேலையைச் செய்திருந்தன. நாடக ஆசிரியர் டென்னஸி வில்லியம்ஸ் இதைத் தமக்கு மிக விருப்பமான நூல் என்று எங்கும் கூறிவந்தார். 1965-இல் இலண்டனில் பீட்டர் ஓவன் என்னும் பதிப்பாளர் புதினத்தை மீண்டும் அச்சிட்டார். மறு ஆண்டு, ட்ரூமன் கபோட் முன்னுரையுடன் அவருடைய எழுத்துகளின் தொகுதி அமெரிக்காவில் வெளிவந்தது. 1967-இல் கவிஞர் ஜான் ஆஷ்பெரி, எம்மொழியிலும் இன்றுள்ள சிறந்த புதின ஆசிரியருள் ஒருவர் இவர் என்னும் கருத்தில் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் மதிப்புரை எழுதினார். புகழ் வந்தது, புகழுக்குரியவர் புதிதாக ஒன்றும் எழுத இயலாத நிலையில் இருந்தார்.

1973-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள், ஸ்பெயின் நாட்டு மாலகா நகர மருத்துவ இல்லத்தில் ஜேன் பவுல்ஸ் மறைந்தார். அவர் உடல் அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. பல ஆண்டுகள் அந்தக் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை.

கல் இல்லை; ஏடு இருந்தது. 1981-இல் மில்லிசென்ட் தில்லன் என்னும் பெண் எழுத்தாளர் அம்மையாரின் வாழ்க்கை வரலாற்றைப் பெரு நூலாக எழுதினார். 'மனைவி' என்னும் சொல்லுக்குப் பின் நின்றவர் முன்னே வந்தார். 2014-இல் புதினம் கிளேர் மெசூட் என்னும் புதின ஆசிரியையின் முன்னுரையுடன் மறுபதிப்புப் பெற்றது. 2017-இல், அமெரிக்காவின் தலைசிறந்த எழுத்தாளர்களுக்கென அமைந்த 'லைப்ரரி ஆஃப் அமெரிக்கா' வரிசையிலே, தில்லன் தொகுத்த ஜேன் பவுல்சின் எழுத்துகள் இடம்பெற்றன. 1943-இல் விளங்கவில்லை என்று தள்ளப்பட்ட ஏடு, 74 ஆண்டுகளில் ஒரு நாட்டின் இலக்கியச் செல்வமாயிற்று.

ஏட்டின் செல்வாக்கை எதைக் கொண்டு அளப்பது? விற்ற படிகளைக் கொண்டு அளந்தால், இந்த ஏடு அன்றே தோற்றது. படித்தவர் எழுதியதைக் கொண்டு அளந்தால், இசைவாணர் ஒருவரைப் புதின ஆசிரியராக்கிய ஏடு இது. நாடகப் பேராசான் ஒருவர் நெஞ்சோடு வைத்திருந்த ஏடு இது. பெண்பாத்திரத்துக்குக் காரணமும் கண்ணீரும் கற்பித்தே தீரவேண்டும் என்னும் கட்டாயத்திலிருந்து பின்வந்த எழுத்தாளரை விடுவித்த ஏடு இது.

நோரா எங்கே போனாள் என்று இன்றும் கேட்கின்றனர். வீட்டை விட்டு ஒரு பெண் வெளியேறினால், சீரழிந்தாளா, திரும்பினாளா என்று அறிய ஊரே காத்திருக்கிறது. காப்பர்ஃபீல்டு சீரழியவும் இல்லை, திரும்பவும் இல்லை. நடுங்கும் கால்களோடு நீரிலே இறங்கி, மற்றொருத்தியின் கைகளில் மிதந்தாள். லூ சுன் கண்ட இரு வழிகளுக்கு அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதற்கு அந்தக் காட்சி சான்று. அந்த வழி காசுள்ளவளுக்கு மட்டும் உரியதாக இருத்தல் கூடாது; பசிஃபிகாவுக்கும் அது திறக்க வேண்டும். புதினம் செய்யக்கூடியதைச் செய்து முடித்தது. எஞ்சியது ஏட்டின் வேலை அன்று, நம் வேலை.